கரையும் பார்டரும்

மும்பை மாதுங்காவின் பட்டுக்கடைகளில் புடவையின் ஓரத்தைத் தமிழரும் 'பார்டர்' என்றே கேட்கின்றனர். ஆயினும் அச்சொல் வந்த வழி வேறு, அதற்கு இடம்விட்டு ஒதுங்கிய 'கரை' வந்த வழி வேறு. பலகை, கப்பலின் பக்கம், விளிம்பு ஆகிய பொருள்களில் வழங்கிய 'போர்ட்' என்னும் பழைய ஜெர்மானியச் சொல் பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து, ஆடைக்கு ஓரம் கட்டுவதைக் குறிக்கும் வினையாகி, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்து பார்டர் ஆயிற்று.

தமிழின் கரையோ நீரைத் தாங்கும் நிலத்தின் பெயர். மலையாளத்தின் 'கர', கன்னடத்தின் 'கரெ' ஆகியவையும் நீரோரத்தையும் துணியோரத்தையும் ஒருங்கே குறிப்பதால், இந்தப் பொருள் விரிவு மிகப் பழையது எனக் கொள்ளலாம். மும்பையின் பிற மொழிகளும் இவ்வழியே சென்றிருப்பதுதான் வியப்பு: மராத்தியில் 'காட்' என்பது நதிக்கரைக்கும் புடவைக்கரைக்கும் பொது, பாரசீகத்திலிருந்து வந்த 'கினாரா' இந்தியில் ஆற்றங்கரையைக் குறிக்க, அதன் கிளையான 'கினாரி' துணியோரத்துச் சரிகையைக் குறிக்கிறது.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்குக் கரை என்னும் பெயரே முற்றும் பொருந்தும். நீளவாட்டில் ஓடும் பாவினை உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நிறத்தில் பூட்டி, குறுக்கே ஓடும் ஊடையை மூன்று நாடாக்களால் செலுத்தி, உடலின் ஊடை கரைக்குள் நுழையாமல் எல்லையிலேயே கரையின் ஊடையோடு பிணைந்து திரும்புமாறு நெய்வதே கோர்வை. நெய்பவருக்குத் துணையாக ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொருவரும் தறியருகே வேண்டும். கோர்வையில்லாத புடவையில் உடலின் ஊடை ஓரம்வரை ஓடுவதால் கரையின் நிறம் கலங்கித் தெரியும்; கோர்வையிலோ மாம்பழ மஞ்சளை ஒட்டி நின்றாலும் அரக்கு அரக்காகவே இருக்கும். நீர் முடியுமிடத்தில் நிலம் தொடங்குவதுபோல, இங்கே கரை தனக்கென ஊடை உடைய வேறொரு துணி.

தாராவியின் தையல் பட்டறைகளில் துணியின்மேல் வைத்துத் தைக்கும் ஆயத்தப் பட்டியும் பார்டர்தான். பலகையில் பிறந்த சொல் அதற்குத் தகும். ஆனால் இருவர் உழைத்துக் கோத்ததையும் கெஜக் கணக்கில் வாங்கித் தைத்ததையும் ஒரே சொல்லால் அழைப்பது நெசவாளரின் உழைப்பை மறைக்கிறது. 'கோர்வைக் கரையா?' என்று கேட்டு, ஓரத்தைத் திருப்பி நிறத்தைப் பார்ப்பவருக்கே அந்த வேறுபாடு புலப்படும்.