கம்பியால் தைத்த படகு

துணியைத் தைக்கலாம், தோலைத் தைக்கலாம். பிளைவுட் பலகையைத் தைத்துப் படகு செய்ய முடியுமா? முடியும் என்று 1963-இல் பிரிட்டனில் காட்டினார்கள். அந்தப் படகின் பெயர் 'மிரர் டிங்கி'.

அதுவரை பாய்மரப் படகு என்பது அங்கே பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, தண்ணீரில் பசை விடாத பிளைவுட் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது. வீட்டிலேயே படகு கட்டுவதற்கான வரைபடங்களும் வந்தன. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பலகைகளை எப்படி இணைப்பது?

பக்கப் பலகையும் அடிப் பலகையும் சேரும் மூலையில், உள்பக்கமாக நீளமான மரச்சட்டம் ஒன்றை வைத்து, இரண்டையும் அதில் ஒட்டித் திருகாணி போடுவதுதான் வழக்கம். படகு முன்பக்கம் குறுகக் குறுக இரண்டு பலகைகளுக்கும் இடையே உள்ள கோணம் மாறிக்கொண்டே போகும். சட்டத்தையும் அதற்கேற்ப இழைத்துக்கொண்டே போக வேண்டும். சரியாகப் பொருந்தாவிட்டால் தண்ணீர் கசியும். கைதேர்ந்த தச்சருக்கு இது சாதாரணம். அலுவலகத்தில் கணக்கு எழுதுபவருக்கு?

இந்த இடத்தில்தான் பாரி பக்னெல் வருகிறார். வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று பி.பி.சி. தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்துப் புகழ் பெற்றவர் இவர். இவரும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கிய படகில் அந்த மூலைச் சட்டமே இல்லை!

முறை இதுதான். அளவாக வெட்டிய பலகைகளின் ஓரங்களில் சிறு துளைகள் போட வேண்டும். செப்புக் கம்பியைத் துளைகளில் கோர்த்து முறுக்கினால் ஓரங்கள் நெருங்கி, பலகைகள் தாமாகவே வளைந்து படகின் உருவத்துக்கு வந்துவிடும். பிறகு உள்பக்க மூலைகளில் கண்ணாடி இழை நாடாவை வைத்து ரெசின் பூச வேண்டும். அது இறுகியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டிவிட்டு, வெளிப்பக்கமும் நாடா ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். தையல் தற்காலிகம்; தாங்குவது நாடாவும் ரெசினும். கென் லிட்டில்டைக் என்ற ஆசிரியர் சிறு கயாக் படகுகளை இதே முறையில் செய்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்தப் படகுக்குத் துணை நின்றது உழைக்கும் மக்கள் அதிகம் படித்த 'டெய்லி மிரர்' நாளிதழ். படகின் பெயர் அதனுடையது. பாயின் சிவப்பும் அதன் நிறமே. படகின் நீளம் 3.3 மீட்டர், எடை சுமார் 45 கிலோ. காரின் கூரையில் கட்டி எடுத்துப் போகலாம். ஆரம்ப விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். தச்சருக்குத் தர வேண்டிய கூலி இந்தக் கணக்கில் இல்லை, ஏனென்றால் அந்த வேலையை வாங்கியவரே வீட்டில் செய்துகொண்டார்.

விளைவு? உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டன. 1990-களின் இறுதியில் ஏ.ஜே. மெக்கின்னன் என்ற ஆசிரியர் இப்படி ஒரு படகில் இங்கிலாந்திலிருந்து கருங்கடல் வரை போய்ச் சேர்ந்தார்!

பின்னாளில் பாலியெஸ்டர் ரெசினை விட மரத்தில் நன்றாக ஒட்டும் எபாக்சி வந்தது. செப்புக் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டைகளும் வந்தன. முறை மட்டும் மாறவில்லை. வீட்டில் படகு கட்டுபவர்கள் இன்றும் முதலில் துளை போட்டுத் தைக்கத்தான் உட்காருகிறார்கள்.

பாயும் மரமும் முன்பே இருந்தன. மூலையை இணைக்கும் வழி எளிதானதும் சாதாரணக் குடும்பங்களும் தண்ணீரில் இறங்கின.