தீர்ப்புக்குப் பின் தொடங்கிய வழக்கு

நீதிமன்றத்தில் வழங்கப்படும் தீர்ப்பும் உண்மையும் ஒன்றே என்று நம்புவது மனித இயல்பு. அந்நம்பிக்கை பொய்த்துப்போகும் இடங்களும் உண்டு. ஆராயாமல் அளிக்கப்பட்ட ஆணையால் கோவலன் மாண்டதையும், உண்மை விளங்கியபோது பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்ததையும் தமிழர் யாவரும் அறிவர். அங்கே உண்மை வந்தது. ஆனால் காலங்கடந்து வந்தது. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட சிறிய காலத்திற்குள் உண்மையைத் தேடி அலையும் ஒரு வழக்குரைஞரின் கதையை, 1963ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது. அக்கதை எழுந்த வரலாற்றுப் பின்னணியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெர்ரி மேசன் என்னும் வழக்குரைஞரைப் படைத்தவர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர். 1889இல் பிறந்த இவர் சட்டக் கல்லூரியில் முறையாகப் பயின்று பட்டம் பெற்றவரல்லர். தாமே நூல்களைக் கற்றுத் தேர்ந்து, 1911இல் கலிபோர்னியா மாநிலத்தில் வழக்குரைஞரானார். வாதாட வேறு ஆளில்லாத ஏழைகளுக்கும், அக்காலத்தில் அங்கே இழிவாக நடத்தப்பட்ட சீனக் குடியேறிகளுக்கும் அவர் வாதாடினார். சட்டம் எல்லார்க்கும் ஒன்றுதான்; ஆனால் அதனை அணுகும் வழி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்னும் பாடத்தை அவர் அங்கேதான் கற்றார். 1933இல் மேசனை நாயகனாகக் கொண்ட முதல் நாவல் வெளிவந்தது. 1970இல் அவர் மறைவதற்குள் அவ்வரிசை எண்பதை எட்டிவிட்டது.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மேசன் தொலைக்காட்சிக்கு வந்தார். சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய அத்தொடர் 1966 மே 22 வரை ஒன்பது பருவங்கள் நீடித்து, 271 கதைகளைத் தந்தது. ரேமண்ட் பர் மேசனாகவும், பார்பரா ஹேல் செயலாளர் டெல்லா ஸ்டிரீட்டாகவும், வில்லியம் ஹாப்பர் துப்பறிவாளர் பால் டிரேக்காகவும் நடித்தனர். எதிர்த்தரப்பில் நின்று ஓயாது தோற்றுக்கொண்டேயிருந்த அரசு வழக்குரைஞர் ஹாமில்டன் பர்கராக வில்லியம் டால்மன் நடித்தார்.

தொடரின் அமைப்பு யாவரும் அறிந்ததே. ஒரு கொலை நிகழும். குற்றமற்ற ஒருவர்மீது பழி விழும். மேசன் குறுக்கு விசாரணையில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். இறுதியில் உண்மைக் கொலைகாரரே கூட்டத்தின் நடுவே எழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்வார். பெரும்பாலான கதைகளில் நாம் காண்பது முழு விசாரணையன்று. வழக்கை மேல்விசாரணைக்கு அனுப்பத் தக்க சான்று உண்டா என்று நீதிபதி ஆராயும் முன்விசாரணையே ஆகும். ஆதலால் பன்னிரு ஜூரிகள் அமர்ந்து தீர்ப்புக் கூறும் காட்சி அரிதாகவே வரும். எல்லா வழக்கிலும் வெல்கிறீர்களே என்று ஒருவர் வியந்தபோது, நான் சனிக்கிழமைகளில் நடத்தும் வழக்குகளை மட்டுமே நீங்கள் பார்க்கிறீர்கள் என்று ரேமண்ட் பர் நகைச்சுவையாக விடையிறுத்ததாகக் கூறுவர். தொடர் முதலில் சனிக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பானதே அவ்விடையின் நயம்.

இத்தகைய வெற்றி வீரர் தோற்றார் என்றால் எவ்வாறிருக்கும்? 1963 அக்டோபர் 17ஆம் நாள், ஏழாம் பருவத்தில் ஒளிபரப்பான ‘மரணத் தீர்ப்பு’ வழக்கு அவ்வாறே தொடங்கியது. வழக்கமாகக் கதையின் முடிவில் வரவேண்டிய தீர்ப்பு, இங்கே தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஜூலி ஆடம்ஸ் நடித்த ஜானிஸ் பார்ட்டன் என்னும் பெண், தன் அத்தையைக் கொன்ற குற்றவாளி என்று ஜூரிகள் அறிவிக்கின்றனர். அவளுக்கு நச்சுவாயு அறையில் மரணதண்டனை விதிக்கப்படுகிறது. தனக்காக வாதாடியவரிடமே அவள் முழு உண்மையையும் கூறாதிருந்தாள் என்பதும் தெரியவருகிறது.

சட்டத்தின் பார்வையில் வழக்கு முடிந்துவிட்டது. மேசனின் பார்வையிலோ அப்போதுதான் தொடங்குகிறது. கட்சிக்காரர் உண்மையை மறைத்ததால் தோல்வி நேர்ந்தது என்று அவர் கையைக் கழுவியிருக்கலாம்; உலகமும் அவரைப் பழித்திராது. ஆனால் உண்மையை மறைத்தவள் என்பது வேறு, கொலை செய்தவள் என்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தமையால் அவர் ஓயவில்லை. மீண்டும் தேடுகிறார், மெய்யான கொலைகாரரைக் கண்டறிகிறார், அவள் உயிர் பிழைக்கிறாள்.

இதனை வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. 1948இல் கார்ட்னர், ஆர்கசி என்னும் இதழின் வெளியீட்டாளர் ஹாரி ஸ்டீகருடன் சேர்ந்து ‘இறுதி முறையீட்டு மன்றம்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். துப்பறிவாளரும் தடயவியல் மருத்துவரும் அதில் இடம்பெற்றனர். மேல்முறையீட்டு வழிகளெல்லாம் அடைபட்டபின், நான் குற்றமற்றவன் என்று சிறையிலிருந்து கதறுவோரின் வழக்குகளை அவர்கள் மீளாய்வு செய்தனர். கண்டவற்றை இதழில் மக்கள்முன் வைத்தனர். மக்களாட்சியில் மக்களே இறுதி நீதிமன்றம் என்பது கார்ட்னரின் கருத்து. இப்பணியைப் பற்றி அவர் 1952இல் எழுதிய நூல், மறு ஆண்டில் எட்கர் பரிசு பெற்றது.

அதே 1963ஆம் ஆண்டில் மெய்யாக நடந்த ஒரு வழக்கும் ஈண்டு நினைக்கத்தக்கது. புளோரிடா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்னும் ஏழைமீது, 1961இல் ஒரு விளையாட்டுக் கூடத்தில் புகுந்து திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. தமக்கொரு வழக்குரைஞர் வேண்டுமென்று அவர் கேட்டார். மரணதண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே அரசு வழக்குரைஞரை அளிக்கும் என்று மறுக்கப்பட்டது. தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினார். வழக்குரைஞரைப் பெறுவது ஏழைக்கும் உரிமையே என்று அம்மன்றம் 1963 மார்ச் 18இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகஸ்டு 5இல் நடந்த மறுவிசாரணையில், வழக்குரைஞர் ஒருவர் உடன்நிற்க, கிடியன் விடுதலை பெற்றார். அதற்குப்பின் மூன்று திங்கள் நிறையுமுன்னரே மேசனின் தோல்விக்கதை ஒளிபரப்பாயிற்று.

தொலைக்காட்சிக்கும் வாழ்வுக்கும் உள்ள வேற்றுமையை இங்கே மறத்தலாகாது. மேசனின் மன்றத்தில் குற்றவாளி தானே எழுந்து வாய் திறக்கிறான். கிடியனின் மறுவிசாரணையில் அவ்வாறு எவரும் எழுந்து நிற்கவில்லை. முதல் விசாரணையில் கேட்கப்படாத கேள்விகளைக் கேட்க ஒருவர் இருந்தார். அதுவே தீர்ப்பை மாற்றப் போதுமானதாயிற்று. உண்மை தானே வெளிப்படும் என்று காத்திருப்போர் ஏமாறக்கூடும். அதனை வெளிக்கொணரும் உழைப்புக்கு ஆளும் வேண்டும், காலமும் வேண்டும்.

பல கதைகளில் வென்ற மேசனை மக்கள் புகழ்ந்தனர், அது இயல்பே. எனினும் அவரது பெருமையை உணர்த்துவது, தோல்வியில் தொடங்கிய அந்த ஒரு கதையே எனலாம். வெற்றி பெறும்வரை உடனிருப்போர் பலர். தீர்ப்பு வெளியாகி, மன்றம் கலைந்து, குற்றவாளி என்ற பெயருடன் ஒருவர் தனியே நிற்கும்போதும் விலகாதிருப்போர் சிலரே. கோவலனுக்கு அப்படி ஒருவர் அன்று வாய்த்திருந்தால், மதுரை எரிந்திராது.