குட்டி ரயிலுக்கு நிஜ போல்ட்

ஈஃபில் கோபுரத்தில் 25 லட்சம் ரிவிட்டுகள் இருக்கின்றன. டைட்டானிக் கப்பலில் 30 லட்சத்துக்கும் மேல். சரி, இவற்றை மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கி மாதிரி செய்கிறவர் அந்த ரிவிட்டுகளை என்ன செய்வார்?

கப்பல் செய்கிறவர் தப்பித்துக்கொள்ளலாம். 1:350 அளவில் 4 செ.மீ. அகலமுள்ள ரிவிட் தலை 0.11 மி.மீ. ஆகிவிடும். ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் அதுவும் காணாமல் போகும். ரயில் எஞ்சின் செய்கிறவர் பாடுதான் திண்டாட்டம். அதிலும் நிலக்கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நிஜமாகவே ஓடுகிற குட்டி நீராவி எஞ்சின் என்றால் போல்ட் என்பது வெறும் அலங்காரம் இல்லை. அது கழன்றால் நீராவி முகத்தில் அடிக்கும்.

இந்தப் பொழுதுபோக்கு பெரிய அளவில் வளர்ந்தது பிரிட்டனில். 1898ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் மாடல் எஞ்சின் செய்கிறவர்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, காலால் மிதிக்கிற லேத் வைத்திருந்த குமாஸ்தாக்களும் மெக்கானிக்குகளும்தான் அதன் வாசகர்கள். அவர்களுக்கு முதலில் வந்த தலைவலி: அவ்வளவு சின்ன போல்ட்டுக்கு எங்கே போவது?

பிரிட்டனில் போல்ட்டுகளுக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தவர் ஜோசப் விட்வொர்த். அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. இந்தக் கடை போல்ட் அந்தக் கடை நட்டில் ஏறாது. 1841ல் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, 1 அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 8 மரை என்று வரிசையாக நிர்ணயித்தார். பாலத்துக்கும் ரயிலுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் தந்திக் கருவிக்கும் கடிகாரத்துக்கும் அந்த மரை ரொம்ப முரடு.

இதற்கு விடை சுவிட்சர்லாந்தில் இருந்தது. கடிகாரக்காரர்களின் நாடாயிற்றே! ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த மார்க் தூரி 1870களில் கடிகாரக்காரர்களின் திருகாணிகளை அளந்து, அனுபவத்தில் நன்றாக நிற்கிறவற்றுக்குள் ஒளிந்திருந்த கணக்கைக் கண்டுபிடித்தார். கணக்கு ரொம்ப எளிது. பூஜ்யம் நம்பர் திருகாணியில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மி.மீ. அடுத்த நம்பரில் அதில் 10ல் 9 பங்கு. அதற்கடுத்ததில் அதிலும் 10ல் 9 பங்கு. இப்படியே போகும். விட்டத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டு: இடைவெளியை 1.2 அடுக்குக்கு உயர்த்தி 6ஆல் பெருக்க வேண்டும். பூஜ்யம் நம்பர் 6 மி.மீ., 8ஆம் நம்பர் 2.2 மி.மீ., 10ஆம் நம்பர் 1.7 மி.மீ. பள்ளிக்கூடத்தில் பெருக்குத் தொடர் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

தந்தி, மின்கருவி, கடிகாரம் ஆகியவற்றுக்கான சின்னத் திருகாணிகளை ஒழுங்குபடுத்த பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் ஒரு குழு போட்டிருந்தது. அந்தக் குழு 1884ல் தூரியின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னது. சங்கத்தின் பெயரைச் சுருக்கி அந்த மரைக்கு பி.ஏ. என்று பெயர் (காலேஜ் பி.ஏ. இல்லை!). 0 முதல் 25 வரை நம்பர்கள். 25ஆம் நம்பரின் விட்டம் 0.25 மி.மீ.தான். அங்குலத்தை விடமாட்டேன் என்று அடம்பிடித்த நாடு சத்தமில்லாமல் மில்லிமீட்டர் திருகாணியை ஏற்றுக்கொண்டது ஒரு வேடிக்கை.

இந்த வரிசையை எஞ்சின் மாடல் செய்கிறவர்களுக்காக யாரும் உண்டாக்கவில்லை. ஆனாலும் அவர்கள்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் உண்டு. 12ல் 1 பங்கு அளவில் எஞ்சின் செய்தால் நிஜ எஞ்சினின் 1 அங்குல போல்ட் 2.1 மி.மீ. ஆகிறது. கிட்டத்தட்ட 8 பி.ஏ. பொருந்திவிட்டது.

முழுக்கப் பொருந்தியதா என்றால் இல்லை. நிஜ போல்ட்டை எல்லா வகையிலும் சுருக்கினால் அங்குலத்துக்கு 96 மரை வர வேண்டும். 8 பி.ஏ.வில் 59தான். 96 மரை வெட்டினால் ஒவ்வொரு மரையின் ஆழமும் 0.17 மி.மீ.தான் இருக்கும். பித்தளையில் அப்படி வெட்டி நாலு தடவை கழற்றி மாட்டினால் மரை வழித்துக்கொண்டு போய்விடும். ஆக மரை நிஜத்தைவிட முரடாக இருக்கட்டும், அது நட்டுக்குள் மறைந்துதானே இருக்கப்போகிறது என்று விட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற தலையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் கிடைத்த போல்ட்டின் அறுகோணத் தலை மாடலில் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது. எனவே உடம்பு ஒரு அளவு, தலை அதைவிடச் சின்ன அளவு என்று போல்ட் செய்துகொண்டார்கள். உண்மை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

செய்முறை இதுதான். அறுகோணக் கம்பியை லேத்தில் பிடித்து, நுனியைக் கடைந்து மெல்லிசாக்கி, டை வைத்து மரை வெட்டி, தலைக்கு வேண்டியதை விட்டு அறுத்துவிட வேண்டும். எண்ணெய் மறந்தால் மரை பிய்ந்து வரும். அறுந்து விழுகிற போல்ட் தரையில் உருண்டால் அவ்வளவுதான், தேடிக்கொண்டே இருக்கலாம். ஒரு எஞ்சினுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். இவர்களை அக்கம்பக்கத்தார் மரை கழண்டவர்கள் என்று நினைத்தால் ஆச்சரியமில்லை.

உண்மையான எதிரி கைதான். எஞ்சினை 12 மடங்கு சுருக்கலாம், விரலைச் சுருக்க முடியுமா? போல்ட்டின் விட்டம் 12ல் 1 பங்கானால், முறுக்குவதைத் தாங்கும் சக்தி 1728ல் 1 பங்காகிவிடும். ஸ்பேனரைக் கொஞ்சம் அழுத்தினாலே தலை கையோடு வந்துவிடும். ஓட்டைக்குள் மரை வெட்டுகிற டேப் உடைவதும் இதனால்தான். அதைத் தவிர்க்க ஓட்டையை ஒரு துளி பெரிதாகப் போடுவார்கள். மரை முழு ஆழத்துக்கு இருக்காது, ஆனால் போதுமான பிடிப்பு இருக்கும்.

அப்படியும் உடைந்தால்? மாதக்கணக்கில் உழைத்துச் செய்த பித்தளை பாகத்துக்குள் எஃகுத் துண்டு மாட்டிக்கொள்ளும். டேப் கடினமான எஃகு, துளையிட்டு எடுக்க முடியாது. இதற்குக் கடிகாரம் பழுதுபார்க்கிறவர்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு: படிகாரம்! நம்மூர் சலூனில் ஷேவிங் முடிந்ததும் தடவுவார்களே, அதே சரக்கு. படிகாரம் கரைத்த சுடுநீரில் பாகத்தைப் போட்டு வைத்தால் எஃகு மெல்ல மெல்லக் கரைந்துவிடும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. பாகம் வார்ப்பிரும்பாக இருந்தால் இந்தப் பருப்பு வேகாது. அதுவும் சேர்ந்து கரையும்.

ரிவிட் கதை வேறு. நிஜ பாய்லரில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஓட்டையில் நுழைத்து, ஒருவர் பின்னால் தாங்க இன்னொருவர் அடித்துத் தலை உண்டாக்குவார். ஆறும்போது ரிவிட் சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். பலமே அந்தச் சுருக்கத்தில்தான். குட்டி பாய்லரில் செம்பு ரிவிட்டைப் பச்சையாகத்தான் அடிக்கிறார்கள். அதில் அந்தப் பிடிப்பு வராது. எனவே பாய்லரில் ரிவிட்டின் வேலை தகடுகளை அசையாமல் வைப்பதோடு சரி. நீராவியை அடக்குவது மேலே ஓடுகிற வெள்ளிப் பற்று.

இன்னும் சின்ன அளவில், அதாவது 1:76ல், ரிவிட்டே கிடையாது. 38 மி.மீ. தலை அங்கே அரை மி.மீ. மெல்லிய பித்தளைத் தகட்டைப் பின்பக்கத்திலிருந்து ஊசி முனையால் குத்தினால் முன்பக்கம் மொட்டு மாதிரி எழும்பும். அதுதான் ரிவிட். அதற்கென்று அளந்து அளந்து குத்துகிற சிறு அழுத்து கருவிகளும் வந்தன. பிறகு அமிலத்தால் அரித்துச் செய்த தகடுகளில் குத்தவேண்டிய இடமெல்லாம் முன்கூட்டியே குழியாக வந்துவிட்டது.

இந்த மொட்டுகளை எண்ணிப் பார்த்து, வரிசையில் ஒன்று குறைகிறது என்று சண்டைக்கு வருகிற கூட்டம் எப்போதும் உண்டு. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் 1924 முதல் பல்லாண்டுகள் எழுதி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு எஞ்சின் செய்யக் கற்றுக்கொடுத்த கர்லி லாரன்ஸ், இப்படிப்பட்டவர்களுக்கு 'இன்ஸ்பெக்டர் மெட்டிகுலஸ்' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார். இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் நிலக்கரியால் ஓடி ஆளையே இழுத்த எஞ்சினைச் செய்து காட்டியவருக்கு அந்த உரிமை இருந்தது. ஓடாத எஞ்சினில் ரிவிட் சரியாக இருந்து என்ன பயன் என்பது அவர் கட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற மாடலுக்கு இது செல்லாது. அங்கே ரிவிட்தான் பேச்சு.

1965ல் பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பு விட்வொர்த், பி.ஏ. இரண்டுமே இனிப் பழசு, புது வேலைக்கு மெட்ரிக் மரையைப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்தது. தொழிற்சாலைகள் மெதுவாகக் கைகழுவின. மாடல்காரர்கள் கேட்கவில்லை. பழைய வரைபடங்கள் எல்லாம் பி.ஏ. நம்பரில்தானே இருக்கின்றன! அவர்களை நம்பியே பி.ஏ. டேப்பும் டையும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவர்களைத் தவிர பி.ஏ.வை விடாத இன்னொரு கூட்டம், அதன் பெயர்கூடத் தெரியாமல், டார்ட் எறிகிறவர்கள். டார்ட்டின் உலோக உடம்பில் பின்பக்கத் தண்டைத் திருகுகிறார்களே, அந்த மரை பெரும்பாலும் 2 பி.ஏ.