குதிரைக் கரு ஆராய்ச்சி

குதிரைக் கரு ஆராய்ச்சி என்பது பெட்டைக் குதிரையின் பருவச் சுழற்சி, கருத்தரிப்பு, கருவின் முதல் சில வாரங்களின் வளர்ச்சி ஆகியவற்றை ஆராயும் கால்நடை அறிவியல் துறை. செயற்கைமுறைக் கருவூட்டல், கருமாற்றம், கரு உறையவைப்பு ஆகிய நுட்பங்களும் இதில் அடங்கும். இந்தியாவில் இதற்கான முதன்மை நிலையம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். அதன் தலைமையகம் ஹரியானாவின் ஹிசாரிலும், இனப்பெருக்க ஆய்வுகள் நடைபெறும் வளாகம் ராஜஸ்தானின் பிக்கானேரிலும் உள்ளன. மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றில் கைகூடிய முறைகள் குதிரையில் அப்படியே பலிப்பதில்லை. குதிரைக் கருவின் தொடக்க நாட்கள் மற்றக் கால்நடைகளில் காணப்படாத பல இயல்புகளைக் கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

பருவச் சுழற்சி

குதிரை, பகல் நீளும் காலத்தில் இனம்பெருக்கும் விலங்கு. மிதவெப்ப நாடுகளில் குளிர்காலத்தில் பெரும்பாலான பெட்டைகளின் சினைப்பைகள் ஓய்ந்திருந்து, வசந்தத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கும். கொட்டிலில் விளக்கெரித்து, பகலொளியோடு சேர்த்து நாளுக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்தால் பருவம் முன்கூட்டியே வரும். பந்தயக் குதிரைப் பண்ணைகளில் இது வழக்கமான நடைமுறை.

ஒரு சுழற்சி 21 முதல் 22 நாள் நீடிக்கும். அதில் 5 முதல் 7 நாள் பெட்டை பருவத்தில் இருக்கும். பருவம் அடங்குவதற்கு ஓரிரு நாள் முன்னர் முட்டை வெளிப்படும். முட்டையைத் தாங்கும் நுண்பை அப்போது 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை பருத்திருக்கும். பசுவின் நுண்பையோடு ஒப்பிட்டால் இது இரு மடங்குக்கும் மேல். சினைப்பையின் அமைப்பும் தலைகீழானது. மற்றப் பாலூட்டிகளில் முட்டைகள் புறணியில் பரவியிருக்க, குதிரையில் அவை உட்புறத்தில் அமைந்து, ஒரே ஒரு பள்ளத்தின் வழியாக மட்டுமே வெளியேறுகின்றன. பெட்டையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள்.

கருக்குழாய்ப் பயணம்

கருவுறாத முட்டைகளைப் பெட்டைக் குதிரை கருப்பைக்குள் விடுவதில்லை. அவை கருக்குழாயிலேயே தங்கி, மாதக்கணக்கில் மெல்லச் சிதைகின்றன. பழைய முட்டைகளைத் தாண்டிக்கொண்டு கருவுற்ற முட்டை மட்டும் கருப்பையை அடைவதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1960களில் விவரித்தனர். இதன் காரணம் பின்னர் தெரியவந்தது. ஐந்தாம் நாளையொட்டி கரு புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் பொருளைச் சுரக்கிறது. அது கருக்குழாயின் தசையைத் தளர்த்தி வழி திறக்கிறது. வளர்ச்சி சரியாக நடக்கும் கருவுக்கே அந்தச் சுரப்பு இருப்பதால், அதற்கு மட்டுமே வழி கிடைக்கிறது.

இவ்வாறு கரு கருப்பைக்கு வந்து சேர ஆறு அல்லது ஆறரை நாள் ஆகிறது. பசுவின் கரு அதற்கு முன்பே வந்துவிடும். குதிரையில் கருவைக் கழுவி எடுக்க ஏழாம் அல்லது எட்டாம் நாள் வரை காத்திருப்பது இதனால்தான்.

உலாவும் கரு

கருப்பைக்குள் வந்ததும் கருவைச் சுற்றி கிளைக்கோபுரதத்தாலான உறுதியான உறை ஒன்று உருவாகிறது. மூன்றாம் வாரம் வரை நீடிக்கும் இந்த உறை கருவை உருண்டையாகவே வைத்திருக்கிறது. பசு, ஆடு, பன்றி ஆகியவற்றின் கருக்கள் இதே காலத்தில் நூல்போல நீண்டு கருப்பையை நிறைக்கின்றன. குதிரைக் கரு நீளாமல், கருப்பைத் தசையின் சுருக்கங்களால் தள்ளப்பட்டு இரு கொம்புகளுக்கும் உடற்பகுதிக்கும் இடையே நாள் முழுவதும் உருண்டு திரிகிறது.

குதிரைகளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் 1980ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓ. ஜே. கிந்தர் 1980களின் தொடக்கத்தில் இந்த உலாவலை விரிவாகப் பதிவு செய்தார். சுமார் 16ஆம் நாளில் கரு ஒரு கொம்பின் அடிப்பகுதியில் நிலைகொள்கிறது. 25ஆம் நாளையொட்டி ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியும்.

உலாவுவதால்தான் கரு பிழைக்கிறது. கருத்தரிப்பு நிகழாவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபாவைச் சுரந்து, சினைப்பையில் உள்ள மஞ்சள் உடலத்தை அழிக்கும். அதோடு புரோஜெஸ்டிரான் வற்றி, பெட்டை மீண்டும் பருவத்துக்கு வரும். இதைத் தடுக்க, கரு தன் இருப்பைக் கருப்பைச் சுவர் முழுவதற்கும் அறிவித்தாக வேண்டும். கருவை ஒரு கொம்பின் ஒரு பகுதிக்குள் அடைத்து வைத்த சோதனைகளில் சினை கலைந்துபோனது. பசுவிலும் ஆட்டிலும் இந்த அறிவிப்பைச் செய்வது இன்டர்ஃபெரான் டாவ் என்னும் புரதம், பன்றியில் ஈஸ்ட்ரோஜன். குதிரையில் அந்த வேதிப்பொருள் எது என்பது பல பத்தாண்டு ஆய்வுக்குப் பின்னும் உறுதிப்படவில்லை.

இரட்டைக் கரு

பெட்டைக் குதிரை இரு குட்டிகளை நிறைமாதம் வரை சுமப்பது அரிது. பெரும்பாலும் இரண்டும் கலைந்துவிடும். ஆகவே 16ஆம் நாளுக்குள், இரு கருக்களும் தனித்தனியே உலாவும்போதே, மலக்குடல் வழியாகக் கைவிட்டு ஒன்றை நசுக்கி அகற்றுகின்றனர். பந்தயக் குதிரை வளர்ப்பில் ஸ்கேன் விரைவாகப் பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

கருப்பைக் கிண்ணங்கள்

36 முதல் 38ஆம் நாளில் கருவின் வெளியுறையில் பட்டையாகத் திரண்ட செல்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, கிண்ண வடிவப் புடைப்புகளை உருவாக்குகின்றன. அவை சுரக்கும் ஹார்மோனை, சினையுற்ற குதிரைகளின் இரத்தத்தில் 1930இல் கோல், ஹார்ட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பி.எம்.எஸ்.ஜி. என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் ஹார்மோன் இதுவே. கிண்ணங்கள் தாயின் திசுவிலிருந்து தோன்றியவை என்றே முதலில் கருதப்பட்டது. அவை கருவின் செல்களே என்பதைக் கேம்பிரிட்ஜின் டபிள்யூ. ஆர். ஆலனும் மூரும் 1972இல் நிறுவினர். தாயின் வெள்ளணுக்கள் இச்செல்களை அன்னியமாகக் கருதிச் சூழ்ந்துகொள்ள, நான்காம் மாதவாக்கில் கிண்ணங்கள் மடிகின்றன. இதனால் நோயெதிர்ப்பியலாளர்களும் குதிரைச் சினையில் ஆர்வம் காட்டுகின்றனர்.

சினையான பெட்டையில் இந்த ஹார்மோன் துணை மஞ்சள் உடலங்களைத் தோற்றுவித்துச் சினையைக் காக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசியாகப் போட்டால் பல முட்டைகளை முதிரச் செய்கிறது. குதிரைக்கே போட்டால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. பசுவில் ஒரே முறையில் பல கருக்களை எடுக்க முடிய, குதிரையில் பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு கருவே கிடைப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

கருமாற்றத்தின் வரலாறு

பலூன் பொருத்திய குழாய் வழியாகக் கருப்பையைத் திரவத்தால் கழுவி, வடிகட்டியில் கருவைப் பிடித்து, ஏறக்குறைய அதே நாளில் முட்டை வெளிப்பட்ட வாடகைத் தாய்க்குச் செலுத்துவது கருமாற்றம். அறுவையின்றிக் குதிரைக் கருவை எடுக்கும் முறையை ஜப்பானின் ஓகுரி, சுட்சுமி ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினர். 1976இல் ஆலன் குழுவினர் குதிரைக் கருக்களை முயல்களின் கருக்குழாயில் வைத்து இங்கிலாந்திலிருந்து போலந்துக்கு அனுப்பினர். உறையவைத்த கருவிலிருந்து முதல் குட்டி 1982இல் ஜப்பானில் பிறந்தது.

உறையவைப்பில் கருவின் அளவே இன்றும் தடையாக உள்ளது. 0.3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கருக்கள் உள்ளே திரவம் மிகுந்திருப்பதாலும் உறை சூழ்ந்திருப்பதாலும் எளிதில் சிதைகின்றன. நுண்ணூசியால் துளைத்துத் திரவத்தை வெளியேற்றிய பின் உறையவைப்பதே இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு.

ஆய்வகக் கருத்தரிப்பும் நகலாக்கமும்

ஆய்வகத்தில் கருவுற்ற முட்டையிலிருந்து முதல் குதிரைக்குட்டி 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் பிறந்தது. ஆனால் அம்முறையை மற்றவர்களால் நம்பகமாகத் திரும்பச் செய்ய முடியவில்லை. ஆகவே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை வணிக அளவில் நிலைபெற்றது. விந்தணுக்களை நீண்ட நேரம் முன்தயாரிப்பு செய்தால் இயல்பான ஆய்வகக் கருத்தரிப்பும் சாத்தியம் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2022இல் காட்டியது.

2003 மே மாதத்தில் ஐடஹோ ஜெம் என்னும் நகல் கோவேறு கழுதை அமெரிக்காவிலும், புரோமெத்தியா என்னும் முதல் நகல் குதிரை இத்தாலியிலும் பிறந்தன. புரோமெத்தியாவைச் சுமந்து ஈன்ற பெட்டையே அதற்குச் செல் தந்த குதிரை. 2020இல் டெக்சாஸில் பிறந்த கர்ட் என்னும் பிரெவால்ஸ்கிக் குதிரை, 1980 முதல் உறைநிலையில் இருந்த செல்லிலிருந்து உருவானது.

இந்தியாவில்

மார்வாரி, காத்தியவாரி, ஸ்பிதி, சான்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி, கச்சி-சிந்தி ஆகியவை இந்தியாவின் அங்கீகரிக்கப்பட்ட குதிரை இனங்களில் அடங்கும். போக்குவரத்திலும் உழைப்பிலும் இயந்திரங்கள் இடம்பிடித்ததால் இவை குறைந்து வருகின்றன. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சமே இருந்தன. இது 2012ஐ விட ஏறக்குறைய 45 விழுக்காடு குறைவு. மார்வாரி இனத்தில் இருந்தவை சுமார் 33 ஆயிரம்.

இந்தச் சூழலில்தான் 1989இல் தொடங்கப்பட்ட பிக்கானேர் வளாகம் உறைவிந்துச் சேமிப்பையும் கருமாற்றத்தையும் மேற்கொண்டது. மே 2023இல் அங்கே ராஜ்-பிரதம் என்னும் மார்வாரிக் குட்டி பிறந்தது. ஏழரை நாள் வளர்ந்த கருவை எடுத்து வாடகைத் தாய்க்கு மாற்றியதில் பிறந்த அதன் எடை 23 கிலோ. மார்வாரிக் கருக்களை உறையவைத்துச் சேமிக்கும் பணியும் உடன் நடந்தது. பெட்டை ஓராண்டில் ஈனக்கூடியது ஒரு குட்டிதான். கருமாற்றம் செய்தால் சிறந்த பெட்டை ஒன்றிடமிருந்து அதே ஆண்டில் பல குட்டிகளைப் பெறலாம் என்பதே இதன் பயன்.

பந்தயக் குதிரைகளும் மற்றவையும்

  

பந்தயங்களில் ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்கு மேற்கண்ட இனப்பெருக்க நுட்பங்கள் பொருந்தா. பன்னாட்டு வம்சாவளிப் பதிவேட்டு விதிகளின்படி, பொலிகுதிரையும் பெட்டையும் நேரடியாக இணைந்ததில் பிறந்த குட்டிகளுக்கே பதிவு உண்டு. செயற்கைமுறைக் கருவூட்டலாலோ, கருமாற்றத்தாலோ, நகலாக்கத்தாலோ பிறந்தவை தரோபிரெட்டாக ஏற்கப்படுவதில்லை. போலோ, தடைதாண்டல் போன்ற விளையாட்டுகளின் குதிரைகளுக்கு இத்தடை இல்லை. ஆகவே கருமாற்றம் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. இந்தியாவில் எண்ணிக்கை சுருங்கிவரும் நாட்டு இனங்களுக்கும் அது பயன்படுகிறது.