நிவாரணப் பட்டியலில் நம்ம பேரு



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம்ம தென்காசிச் சீமையிலே யாரும் மறந்திருக்க மாட்டீங்க. குற்றாலத்து அருவிகள் பொங்கின. சிற்றாறு புரண்டு ஓடியது. வெள்ளம் வடிந்தபின் ஓர் அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "பக்கத்து வயலுக்கும் என் வயலுக்கும் ஒரே மழைதான். அவருக்குப் பணம் வந்திருக்கு. எனக்கு ஏன் வரலே?"

பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி முறையில், பயிர் சாவியானால் உழவனுக்குக் கையில் பணம் வராது. தீர்வையில் கழிவு கிடைக்கும். அதற்கு 'வஜா' என்று பெயர். கர்ணம் அடங்கலில் எழுதுவார். ஜமாபந்தியில் கணக்கு முடியும். கர்ணம் எழுதியதுதான் கணக்கு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அதன்பின் 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. 1884-ல் விவசாயிகள் கடன் சட்டம் வந்தது. அந்தத் தக்காவியும் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. 1990-ல் பேரிடர் நிவாரண நிதி ஏற்பட்டது. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2023 வெள்ளத்துக்குத் தமிழக அரசு அறிவித்த தொகையைக் கேளுங்க. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880. பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. மானாவாரிக்கு 8,500.

பணம் வர வழி பிறந்தது. பட்டியல் சரியா என்று பார்ப்பது யார்?

இதற்கு வழிகாட்டியவர்கள் ராஜஸ்தான் கிராமத்து உழைப்பாளிகள். 1994-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஊர்க்கூட்டம் போட்டு, அரசு வேலைக் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தது. வேலைக்கே போகாதவர் பேரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. தமிழ்நாட்டில் 1997-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 2005-ல். மானியத் திட்டங்களில் பயனடைந்தோர் விவரத்தை அலுவலகங்கள் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு. நிவாரணக் கணக்கையும் நாம் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தரவேண்டும்.

இப்போ அண்ணாச்சி விஷயத்துக்கு வருவோம். அவர் குத்தகைக்கு உழுதவர். அடங்கலில் அவர் பேரே இல்லை. மழை அவர் வயலைப் பார்த்தது. கணக்கு அவரைப் பார்க்கவில்லை.

ஆகவே மூணு காரியம் செய்யுங்க. விதைச்ச உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அடங்கலில் பயிரும் சாகுபடி செய்பவர் பேரும் ஏறியிருக்கா என்று பாருங்க. சேதம் வந்தால் தண்ணீர் வடியுமுன் சொல்லி, கணக்கெடுப்பு நடக்கும்போது வயலில் நில்லுங்க. பட்டியல் வந்ததும் கிராம சபையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. விட்டுப்போன பேர் அங்கேயே தெரிந்துவிடும்; உழாதவன் பேரும் தெரிந்துவிடும்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீங்க. அது நம்ம வரிப்பணம்.