பட்டா யார் பேரில்?

முதல் முறையாக ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டை நானே எழுதி, டெர்மினலிலிருந்து ஒரு சோதனைச் சங்கிலியில் ஏற்றிய இரவு நன்றாக நினைவிருக்கிறது. செப்போலியா என்பது அந்தச் சங்கிலியின் பெயர். அங்கே புழங்கும் ஈதருக்குச் சந்தையில் மதிப்பு கிடையாது; தப்பு செய்து பழகுவதற்கென்றே இருக்கிற இடம். ‘ஃபோர்ஜ் கிரியேட்’ என்று தட்டினேன். சில நொடிகளில் ஒரு முகவரி வந்து விழுந்தது. அடுத்து ‘ஃபோர்ஜ் வெரிஃபை-கான்ட்ராக்ட்’. கொஞ்ச நேரத்தில் ஈதர்ஸ்கேன் பக்கத்தில் என் கான்ட்ராக்டுக்குப் பச்சை டிக் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

“ஓனர் யாரு?”

“நான்தான்க்கா. நான்தானே டிப்ளாய் பண்ணேன்?”

“நீ சொல்லாத. செயின்கிட்ட கேட்டுச் சொல்லு.”

‘காஸ்ட் கால்’ கட்டளையில் கேட்டேன். பதிலாக வந்தவை வரிசையாக 40 பூஜ்யங்கள். அதாவது, யாருமில்லை.

“ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி கேளு.”

கேட்டேன். இப்போது பூஜ்யங்கள் இல்லை. வேறொரு முகவரி இருந்தது. அக்காவுடையது.

“பத்திரமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு தம்பி. பட்டாதான் இப்ப என் பேர்ல.”

நடந்தது இதுதான். என் கான்ட்ராக்டில் உரிமையாளரைப் பதிவு செய்ய ‘இனிஷியலைஸ்’ என்று தனியாக ஒரு செயல்பாடு எழுதியிருந்தேன். அதை ஒரே ஒரு முறைதான் அழைக்க முடியும். முதலில் அழைப்பவரே உரிமையாளர். ஏற்றிய கையோடு நான் அதை அழைத்திருக்க வேண்டும். பச்சை டிக்கைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். சோதனைச் சங்கிலி என்பதால் நான் இழந்தது எதுவுமில்லை. இதே மறதி 2017 நவம்பரில் நிஜச் சங்கிலியில் நடந்தது. அன்று சிக்கிய ஈதர் இன்றுவரை வெளியே வரவில்லை.

*

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற சொல்லை 1990களில் உருவாக்கியவர் நிக் சாபோ. காசு போட்டால் பொருளைத் தரும் தானியங்கி இயந்திரத்தை அதன் ஆதி முன்னோடியாக அவர் காட்டினார். நடுவில் கடைக்காரர் வேண்டாம். விதி இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2013 இறுதியில் விட்டாலிக் புட்டரின் எழுதிய வெள்ளையறிக்கையிலிருந்து பிறந்த எத்தீரியம், 2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கியது. அதில் கான்ட்ராக்ட் எழுதப் பெரும்பாலானோர் பயன்படுத்தும் சொலிடிட்டி மொழியை 2014இல் முன்மொழிந்தவர் கேவின் வுட். இந்தப் பெயர் மறுபடி வரும்.

டிப்ளாய் செய்வது என்பது உள்ளபடிக்கு ஒரு சாதாரணப் பரிவர்த்தனைதான். ஒரே வித்தியாசம், பெறுநர் இடம் காலியாக இருக்கும். காலியான இடத்தைப் பார்த்ததும் சங்கிலி அதைப் புதிய கான்ட்ராக்ட் என்று புரிந்துகொள்கிறது. அனுப்பியவரின் முகவரியையும் அவரது பரிவர்த்தனை எண்ணையும் வைத்துப் புது முகவரி ஒன்றைக் கணக்கிட்டுத் தருகிறது. சங்கிலியில் கடைசியாகத் தங்குவது பைட்கோடு மட்டுமே. நாம் வைத்த பெயர்கள், எழுதிய விளக்கக் குறிப்புகள், மனிதர் படிக்கக்கூடிய எதுவும் அதில் இருக்காது.

அதனால்தான் சரிபார்ப்பு தேவைப்பட்டது. “இதுதான் என் மூலநிரல்” என்று நான் ஒன்றைக் காட்டலாம். சங்கிலியில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கலாம். ஈதர்ஸ்கேன் போன்ற தளங்கள் நாம் கொடுக்கும் மூலநிரலை, அதே பதிப்புக் கம்பைலரில், அதே அமைப்புகளோடு மறுபடி கம்பைல் செய்து, வரும் பைட்கோடைச் சங்கிலியில் இருப்பதோடு ஒப்பிடுகின்றன. ஒத்துப்போனால் டிக்.

இந்த ஒப்பீடு எவ்வளவு கறார் என்பதற்கு ஓர் உதாரணம். சொலிடிட்டி கம்பைலர், பைட்கோடின் வாலில் ஒரு கைரேகையையும் ஒட்டி அனுப்புகிறது. மூலநிரலின் ஒவ்வோர் எழுத்தும் அதில் அடங்கும். விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட நிரல் அப்படியே இருக்கும், வால் மாறிவிடும். சோர்ஸிஃபை என்ற சரிபார்ப்புத் திட்டம் இதை முழுப் பொருத்தம், பகுதிப் பொருத்தம் என்று பிரித்துச் சொல்கிறது. ஜாதகம் பார்க்கிற கணக்குதான்.

இந்தக் கவலை பிளாக்செயினுக்கு முந்தையது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது உரையில் இதைப் பேசினார். 1984இல் அது அச்சானது. மூலநிரலில் ஒரு தப்பும் இருக்காது. ஆனால் கம்பைலரே திருட்டுத்தனமாக ஒரு பின்வாசலைச் சேர்த்துவிடும். படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. எழுதியதும் ஓடுவதும் ஒன்றுதானா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. பச்சை டிக் அதற்கு ஒரு பதில். முழுமையானதல்ல, ஆனால் யார் வேண்டுமானாலும் மறுபடி செய்து பார்க்கக்கூடிய பதில்.

*

இனி 2017.

பேரிட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், சொலிடிட்டியை முன்மொழிந்த அதே கேவின் வுட். அவர்களிடம் கூட்டுக் கையொப்ப வாலட் ஒன்று இருந்தது. பணத்தை எடுக்க ஒருவர் கையெழுத்து போதாது; மூவரில் இருவர், ஐவரில் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். பெருந்தொகை வைத்திருந்த பலரும் இதைத்தான் நம்பினார்கள்.

ஒவ்வொரு வாலட்டுக்கும் முழு நிரலையும் ஏற்றினால் கட்டணம் அதிகம். அதனால் ஒரு சிக்கனம் செய்தார்கள். மொத்த வேலையையும் ஒரே ஒரு நூலகக் கான்ட்ராக்டில் வைத்தார்கள். ஒவ்வொருவரின் வாலட்டும் ஒரு சின்னக் கூடு. எந்தக் கட்டளை வந்தாலும் நூலகத்தின் நிரலைக் கடன் வாங்கித் தன் வீட்டில் வைத்து இயக்கும்.

அந்த ஆண்டு ஜூலை 19 அன்று முதல் அடி விழுந்தது. உரிமையாளர்களைப் பதிவு செய்யும் செயல்பாட்டை யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்க முடிந்தது. ஒருவர் அழைத்தார், உரிமையாளரானார், மூன்று வாலட்டுகளிலிருந்து சுமார் 1,53,000 ஈதரை எடுத்துப்போனார். மறுநாளே பேரிட்டி திருத்திய நூலகத்தை ஏற்றியது. ஏற்கெனவே உரிமையாளர்கள் இருந்தால் மறுபடி பதிவு செய்ய முடியாது என்பதுதான் திருத்தம். சரியான திருத்தம்தான். வாலட்டுகளுக்குப் பூட்டு வந்துவிட்டது.

ஆனால் அந்த நூலகமும் ஒரு கான்ட்ராக்ட்தான். அதற்கும் ஒரு முகவரி உண்டு, தனக்கென ஒரு நினைவகம் உண்டு. வாலட்டுகளின் உரிமையாளர் விவரம் அந்தந்த வாலட்டில் இருந்தது. நூலகத்தின் சொந்த உரிமையாளர் எண்ணிக்கை? பூஜ்யம். யாரும் அதைத் தொடக்கி வைக்கவில்லை. நூலகத்துக்கு எதற்கு உரிமையாளர் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

நூலகத்தின் மூலநிரல் ஒளித்து வைக்கப்படவில்லை. எல்லோரும் படிக்கும்படி இருந்தது. ஆகஸ்டில் வெளியிலிருந்து ஒரு பங்களிப்பாளர், ஏற்றும்போதே அந்தச் செயல்பாட்டை அழைத்துவிடலாமே என்று பரிந்துரைக்கவும் செய்தார். வசதிக்கான ஒரு மேம்பாடாகத்தான் அதைப் புரிந்துகொண்டோம், பின்னொரு நாள் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம் என்கிற பொருளில் பேரிட்டி பிறகு வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. அந்தப் ‘பின்னொரு நாள்’ வரவில்லை.

நவம்பர் 6 அன்று ஒருவர் நூலகத்தையே நேரடியாக அழைத்து அதன் உரிமையாளரானார். அடுத்த பரிவர்த்தனையில், அதைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் சொன்னார். அது சொன்னபடி செய்தது. தெரியாமல் கொன்றுவிட்டேன் என்று அவரே போய்ப் பொதுவில் எழுதினார். இதில் அவருக்கு ஒரு காசுகூட லாபமில்லை.

587 வாலட்டுகள், 5,13,774 ஈதர். அன்றைய விலையில் 15 கோடி டாலருக்கு மேல். கேவின் வுட்டின் அடுத்த திட்டமான போல்காடாட்டுக்காகத் திரட்டிய 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதரும் இதில் அடக்கம். திருடு போயிருந்தால்கூட யாரையாவது திட்டலாம். இங்கே பணம் அங்கேயேதான் இருக்கிறது; இருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எடுக்கச் சொன்னால் வாலட், இல்லாத நூலகத்தைக் கூப்பிடும். பரிவர்த்தனை தோற்காது. எதுவும் நடக்கவும் செய்யாது.

*

ஓராண்டுக்கு முன், 2016இல், தி டாவ் என்ற கூட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதர் பறிபோனபோது, எத்தீரியம் சமூகம் சங்கிலியையே பிளந்து பணத்தை மீட்டது. பேரிட்டிக்கும் அப்படிச் செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் முன்மொழிவு வந்தது: அழிந்த நூலகத்தின் இடத்தில் திருத்திய நிரலை மட்டும் வைத்துவிடலாம், வேறெதையும் தொட வேண்டாம். கடும் விவாதம் நடந்தது, ஏற்கப்படவில்லை. ஒருமுறை விதியை வளைத்ததே அதிகம், யார் தொலைத்தாலும் வளைப்பதென்றால் விதி எதற்கு என்றார்கள். அந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் தொலைத்தவர்களில் பலர் எந்த நிரலையும் எழுதாதவர்கள், நம்பி வாங்கிய பயனர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

பாடம் உடனே படியவும் இல்லை. 2022இல் வோர்ம்ஹோல் என்ற பாலத்தின் பின்னணிக் கான்ட்ராக்ட் ஒன்றும் இதேபோல் தொடக்கி வைக்கப்படாமல் கிடந்தது. அந்த முறை கண்டுபிடித்தவர் நிறுவனத்திடம் சொன்னார். அவருக்கு 1 கோடி டாலர் வெகுமதி கிடைத்தது. 2024 மார்ச் மேம்படுத்தலில், தன்னை அழித்துக்கொள்ளும் கட்டளையின் பல்லையே எத்தீரியம் பிடுங்கிவிட்டது. கான்ட்ராக்ட் பிறந்த அதே பரிவர்த்தனையில் தவிர, இனி அது நிரலை அழிக்காது.

பச்சை டிக் பொய் சொல்வதில்லை. எழுதியதுதான் ஓடுகிறது என்கிறது, அவ்வளவே. எழுதியதில் ஓட்டை இல்லை என்றோ, உரிமை யார் பேரில் இருக்கிறது என்றோ அது சொல்லவில்லை. உரிமை இருப்பது நிரலில் அல்ல, நினைவகத்தில். நூலகத்திடம் “உனக்கு எத்தனை உரிமையாளர்கள்?” என்று கேட்க 2017இலேயே கன்சோலில் ஒரு வரி போதும். பணம் செலவாகாது. பூஜ்யம் என்று பதில் வந்திருக்கும்.

இப்போது நான் ஏற்றுவதையும் தொடக்கி வைப்பதையும் ஒரே பரிவர்த்தனையில் முடித்துவிடுகிறேன். இரண்டுக்கும் நடுவே இன்னொருவர் நுழைய இடம் விடுவதில்லை. பின்னணியில் நிற்கும் கான்ட்ராக்டை, யாரும் தொடக்கி வைக்க முடியாதபடி கன்ஸ்ட்ரக்டரிலேயே பூட்டுகிறேன். டிக் வந்த பிறகும் ‘ஓனர் யாரு?’ என்று ஒருமுறை சங்கிலியிடம் கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பை மூடுகிறேன்.

போன வாரம் அந்தப் பேரிட்டி நூலகத்தின் முகவரியைத் தேடியெடுத்து, ‘காஸ்ட் கோடு’ கட்டளையில் கேட்டுப் பார்த்தேன். அங்கே என்ன நிரல் இருக்கிறது என்று சங்கிலி சொல்லும். ஒரு பூஜ்யமும் ஓர் எக்ஸும் வந்தன. எந்தப் பதிலுக்கும் முன்னால் வருகிற அடையாளம் அது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.