கல்வராயன் மலைக்குப் பரீட்சை வந்த கதை

பள்ளிப் படிப்பு இடையில் அறுந்துபோய், வயது கடந்தபின் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத முற்படுகிறவர்களுக்கு, மொழிப்பாட வினாத்தாளில் ஒரு பகுதி காத்திருக்கிறது. முன்பின் கண்டிராத ஓர் உரைப்பத்தியைக் கொடுத்து, அதன் கீழுள்ள வினாக்களுக்கு அதிலிருந்தே விடை காணச் சொல்லும் பகுதி அது. மதிப்பெண்ணில் அது அற்பமே; ஆயினும் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டுத் தமிழ்நாடெங்கும் பிரசித்தி பெற்ற கோனார் தமிழ் உரையும், டுடோரியல் ஆசிரியர் எழுதிப்போடும் விடைகளும் செல்லுபடியாகாத இடம் அது ஒன்றுதான் என்பதால், அதன் பூர்வ சரித்திரத்தைக் கள்ளக்குறிச்சிச் சீமையிலிருந்தும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலிருந்தும் பார்ப்பது வீண் முயற்சியன்று.

சமவெளியின் பழைய கல்வி திண்ணையில் நடந்தது. மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடி முடித்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல ஒப்பித்து ஏறிய பிள்ளைக்கு, பொருள் என்பது பிறகு என்றோ ஒருநாள் தானே விளங்கும் என்று விடப்பட்டிருந்தது. 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டு, 1826இல் அவற்றின் தொகை 12,498 என்று எழுதிவைத்தார்; இடையில் 1823இல் அறிக்கை அனுப்பிய பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல், பிள்ளைகள் வழக்கிலில்லாத செய்யுள் நடையைப் பொருளறியாமலே ஓதுகிறார்கள் என்று குறைப்பட்டார். அவர் சொன்னது தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பிரதேசத்தைப் பற்றியே ஆனாலும், நம் திண்ணைக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். அந்த மனனத்தை முற்றிலும் இகழ என் மனம் ஒப்பவில்லை. பத்து வயதில் உருப்போட்ட வெண்பா அறுபதில் அர்த்தம் தந்ததுண்டு. எனினும், புதிதாக ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும் சக்தியை அந்தப் பயிற்சி தனியே வளர்க்கவில்லை.

1857இல் சென்னை சர்வகலாசாலை தோன்றி மெட்ரிகுலேஷன் பரீட்சை வந்தபோதும், 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. அதன் இடத்தைப் பிடித்தபோதும், 1978இல் மேல்நிலைக் கல்வி புகுந்து பள்ளி இறுதி பதினோராம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இறங்கியபோதும், ஓலை காகிதமாயிற்றே தவிர மனனத்தின் ராஜ்யம் அசையவில்லை.

மலையின் கதை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்ற ஐதிகம் உடைய மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தோடு சம்பந்தமற்ற, தமிழே பேசும் மலைக்குடிகள்) சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த அம்மலையை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார் வம்சங்கள் ஆண்டுவந்தன. 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம் பிறந்தும், மலை சர்க்காரின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976 ஜூன் 25ஆம் தேதிதான். தேசமெங்கும் நெருக்கடி நிலை பிரகடனமாகிச் சரியாக ஓராண்டு நிறைந்த அந்நாளில் ஒரு மலைக்கு ஜாகிர் ஒழிந்தது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. அதுவரை நிலத்துக்கும் வரிக்கும் வாய்மொழியும் வழக்கமுமே பெரும்பாலும் பிரமாணமாக இருந்த குடிகளுக்கு, அதற்குப்பின் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை என எல்லாமே எழுத்தாக வந்து இறங்கின. ஆகவே மலைவாசிக்குப் படித்துப் பொருளறிவது பரீட்சைக்கான வித்தையாவதற்கு முன்பே நிலத்தைக் காக்கும் வித்தையாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் எழுந்தன. ஆனால் கூலி வேலைக்குப் பெற்றோர் வெளியூர் போகும் பருவத்தில் பிள்ளைகளும் உடன் போவதும், பாதியில் நின்றவர்கள் பின்னர் தனித்தேர்வை நாடுவதும் இன்றும் உண்டு. இத்தகையோரின் கதி எங்கும் ஒன்றே போலும். 1942இல் அமெரிக்காவில், யுத்தத்திற்குப் போனதால் படிப்பு நின்ற சிப்பாய்களுக்கென உயர்பள்ளிக்குச் சமமான ஒரு பரீட்சையை வகுத்தபோது, ஐந்து தாள்களில் மூன்றைச் சமூக இயல், இயற்கை விஞ்ஞானம், இலக்கியம் ஆகியவற்றின் பத்திகளைப் படித்துப் பொருள் காண்பதற்கே ஒதுக்கினார்கள். வகுப்பறையில் உட்காராதவனுக்கு ஞாபகம் குறைந்திருக்கலாம், அறிவு குறைந்திராது என்ற நியாயம் அதில் தொனிக்கிறது. 1989இல் தோன்றிய நம் தேசியத் திறந்தநிலைப் பள்ளி அந்த வாசலைச் சற்று விரிவாக்கியது. தமிழ்நாட்டுத் தனித்தேர்விலோ பத்தி இன்றும் ஓர் ஓரத்தில்தான்.

பத்தியைப் பழகும் விதம் எளியது. முதலில் வினாக்களைப் படித்து, பிறகு பத்தியை ஒருமுறை நிறுத்தாமல் வாசித்து, மறுமுறை ஒவ்வொரு விடையும் எந்த வாக்கியத்தில் இருக்கிறதென்று பென்சிலால் கோடிட்டு, கடைசியில் தன் சொற்களில் எழுத வேண்டும். இதற்கு விலைக்கு வாங்கும் புத்தகம் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைக்கு அளிக்கும் உரிமைக்கோரல் படிவமும், அதனுடன் வரும் அறிவிப்பும் மலையில் கிடைக்கும். நிலம் யார் பேரில், எல்லை எதுவரை, சாட்சியமாக எதைச் சேர்க்க வேண்டும் என்று மூன்று கேள்விகளைத் தானே எழுதிக்கொண்டு, விடைகளை அந்தக் காகிதத்திலேயே தேடிப் பழகலாம்.